எது நிற்கிறது என்று எழுதிவிட்டு வகையிடுங்கள்

இரண்டாம் ஆண்டு கணிதப் பொருளியல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. உழைப்பின் வர்க்கமூலத்தையும் மூலதனத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு நிறுவனத்தின் உற்பத்தி கிடைக்கும். இப்போது 16 தொழிலாளர்கள், 25 இயந்திரங்கள். நான்கு பேருக்கு ஓர் இயந்திரம் சேர்த்துத்தான் அந்த நிறுவனம் புதிதாக ஆள் எடுக்கும். ஆள் கூடக் கூட உற்பத்தி என்ன வீதத்தில் கூடும்?

நான் உழைப்பைப் பொறுத்துப் பகுதி வகைக்கெழு கண்டேன். 6.25 வந்தது. விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். தாள் திரும்பி வந்தபோது அந்தக் கோட்டுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: "மூலதனம் எங்கே?"

வகையிட்டதில் ஒரு பிழையும் இல்லை. அடுக்கைக் கீழே இறக்கியது, எண்களைப் போட்டது, சுருக்கியது எல்லாம் சரி. அதனாலேயே எங்கே மதிப்பெண் போனது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்து விடுதியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் தாளை நீட்டினேன். அவர் விடையைப் பார்க்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் 'உழைப்பு 16' என்றும் பக்கத்தில் 'மூலதனம் 25' என்றும் எழுதினார்.

"மூலதனத்து மேல விரலை வை. அது அசையக் கூடாது. இப்போ உழைப்பை 17 ஆக்கு. உற்பத்தி எவ்வளவு?"

கால்குலேட்டரில் தட்டினேன். 16 பேருடன் 200 இருந்தது, இப்போது 206.16.

"சரி, விரலை எடு. மூலதனம் கால் பங்கு கூடட்டும். 25.25. இப்போ?"

207.18.

"உன் 6.25 முதல் கேள்விக்கு விடை. தாளில் கேட்டது இரண்டாவது கேள்வி. நீ விரலை எடுக்கவே இல்லை."

மூலதனத்தின் பகுதி வகைக்கெழு, அதாவது உழைப்பை நிறுத்தி மூலதனத்தை மட்டும் நகர்த்தினால் உற்பத்தி கூடும் வீதம், 4. ஓர் ஆளுக்கு இயந்திரம் கால் பங்கு கூடுகிறது. ஆகவே 6.25 உடன் 4 இன் கால் பங்கான 1 சேர வேண்டும்; மொத்த வகைக்கெழு 7.25. தட்டிப் பார்த்ததில் கிடைத்த 7.18 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு முழு ஆள் என்பது நுண்ணிய மாற்றம் இல்லையே, அந்தச் சிறு வித்தியாசம் அதனால் வருவது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த வகைக்கெழுவை எழுதினாலும் அதன் கீழே 'நிற்பவை:' என்று ஒரு வரி. உற்பத்திச் சார்பை உழைப்பைப் பொறுத்து வகையிட்டால், நிற்பவை: மூலதனம். நிறுவனத்தின் ஆளெடுப்பு விதியோடு வகையிட்டால், நிற்பவை: எதுவும் இல்லை. முதல் மாதம் இது வீண் எழுத்து வேலை மாதிரிதான் தோன்றியது. ஆனால் பல மாறி வகைநுண்கணிதத்தில் நான் பட்ட சிரமத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியை எழுதாததால் வந்தது என்று அப்புறம் ஒவ்வொரு பாடத்திலும் தெரிந்தது. வெப்ப இயக்கவியல் படிக்கும் இயற்பியல் மாணவர்கள் அழுத்தத்தை நிறுத்தினார்களா, கன அளவை நிறுத்தினார்களா என்பதை வகைக்கெழுவின் அடியிலேயே சிறிய எழுத்தில் குறிப்பார்கள். பொருளியல் பாடநூல்களில் அந்த வழக்கம் அரிது. பகுதி வகைக்கெழுவுக்கான வளைந்த 'டி' குறியை லெஜாந்தர் 1786இல் பயன்படுத்தினார், 1841இல் ஜாக்கோபி அதை மீண்டும் கொண்டுவந்தார். 'மற்றவை நிற்கின்றன' என்பதை அந்தக் குறி சொல்லிவிடும். அந்த மற்றவை எவை என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்பது இரண்டாவது பழக்கம். சூத்திரத்தில் விடை வந்ததும் மாறியை ஒரு சிறு அளவு நகர்த்திச் சார்பின் மதிப்பை நேரடியாகக் கணக்கிடுவேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வீட்டுப்பாடத்தில் குறித் தவறுகளையும் தலைகீழ் விகிதங்களையும் இதுவே பிடித்துக் கொடுத்தது.

தலைகீழ் விகிதம் என்றதும் அலகைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமநோக்கு வளைகோட்டின் (ஒரே மனநிறைவு தரும் சேர்க்கைகள்) சாய்வு, சமஉற்பத்தி வளைகோட்டின் (ஒரே உற்பத்தி தரும் சேர்க்கைகள்) சாய்வு இரண்டிலும் எந்த இறுதிநிலை, அதாவது ஓர் அலகு கூடினால் கிடைக்கும் கூடுதல், மேலே, எது கீழே என்று நான் நெடுநாள் மனப்பாடம் செய்தேன். மறந்துகொண்டே இருந்தது. 6.25 என்றால் 'ஓர் ஆளுக்கு இத்தனை அலகு உற்பத்தி'. 4 என்றால் 'ஓர் இயந்திரத்துக்கு இத்தனை அலகு உற்பத்தி'. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உற்பத்தி அலகு அடிபட்டுப்போகும். மிஞ்சுவது 'ஓர் ஆளுக்கு இத்தனை இயந்திரம்', அதாவது 1.5625. ஓர் ஆளைச் சேர்த்தால், உற்பத்தி 200லேயே நிற்க, ஏறக்குறைய ஒன்றரை இயந்திரத்தை விடுவிக்கலாம். மூலதனம் செங்குத்து அச்சில் இருந்தால் சாய்வின் அலகும் இதுதான். மறு பக்கமாக வகுத்திருந்தால் அலகே காட்டிக்கொடுத்திருக்கும். இங்கேயும் நிற்பவை வரி மாறிவிட்டது, பாருங்கள். மூலதனம் இப்போது நிற்கவில்லை. உற்பத்தி நிற்கிறது. மொத்த வகையீட்டை எழுதி அதைச் சுழியத்துக்குச் சமப்படுத்துவதன் பொருள் அவ்வளவுதான்.

நாம் மேலே எடுத்தது காப்–டக்ளஸ் வகைச் சார்பு. அந்தச் சார்பைப் பாடநூல் வெறும் எழுத்தாகக் கொடுக்கும். கணிதவியலாளர் சார்லஸ் காபும் பொருளியலாளர் பால் டக்ளஸும் 1928இல் அதை வெளியிட்டபோது அது 1899 முதல் 1922 வரையிலான அமெரிக்க உற்பத்தித் துறைத் தரவுக்குப் பொருத்திய சார்பு என்று அறிந்தபிறகுதான் அந்த அடுக்குகளை நான் மதித்துப் படித்தேன். அவர்கள் கண்ட அடுக்குகள்: உழைப்புக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால். மடக்கை எடுத்துவிட்டு வகையிட்டால் அடுக்கே நெகிழ்ச்சியாக வந்து நிற்கும்: மூலதனம் அப்படியே இருக்க உழைப்பு 1 சதவீதம் கூடினால் உற்பத்தி முக்கால் சதவீதம் கூடும். பெருக்கலாகவும் அடுக்காகவும் வரும் சார்புகளுக்கு முதலில் மடக்கை எடுங்கள். பக்கம் பக்கமாகப் போகும் இயற்கணிதம் இரண்டு வரியில் முடியும்.

ஆயிலர் தேற்றத்தையும் அதே எண்களில் பார்த்துவிடலாம். 6.25 ஐ 16ஆல் பெருக்கினால் 100. 4 ஐ 25ஆல் பெருக்கினால் 100. கூட்டினால் 200, அதாவது முழு உற்பத்தி. ஒவ்வொரு காரணிக்கும் அதன் இறுதிநிலை உற்பத்தியைக் கொடுத்தால் மொத்தம் மிச்சமில்லாமல் பங்கு போகுமா என்பது 1894இல் விக்ஸ்டீட் எடுத்துக்கொண்ட சிக்கல். ஒருபடிச் சமபடித்தான சார்பில், அதாவது எல்லாக் காரணிகளையும் இரு மடங்காக்கினால் உற்பத்தியும் இரு மடங்காகும் சார்பில், போகும். கலப்பு வகைக்கெழுவும் (முதலில் ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் பொறுத்து வகையிடுவது) இதே எண்களில் 0.125: ஓர் இயந்திரம் கூடினால் தொழிலாளியின் இறுதிநிலை உற்பத்தி அவ்வளவு கூடும். ஓர் ஆள் கூடினால் இயந்திரத்தின் இறுதிநிலை உற்பத்தியும் அதே அளவு கூடும். முதலில் எதைப் பொறுத்து வகையிட்டாலும் ஒன்றே என்ற தேற்றம் வெறும் கணித வசதி என்று நினைத்திருந்தேன். ஆளும் இயந்திரமும் ஒருவருக்கொருவர் ஒரே அளவு உதவுகிறார்கள் என்று அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

நிற்பவை வரி தன் முழு வேலையைக் காட்டியது தேவைக் கோட்பாட்டில்தான். பட்டம் முடித்தபிறகு நான் சில மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி ஒருநாள் இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஒரே பொருள், ஒரே விலை. இந்தப் பக்கத்தில் தேவையின் வகைக்கெழு ஒன்று, அந்தப் பக்கத்தில் வேறொன்று. எது சரி?"

விலை மாற்றத்தின் விளைவை இரண்டாகப் பிரிக்கும் ஸ்லட்ஸ்கி சமன்பாட்டை உடனே எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் எனக்கே ஒரு காலத்தில் அந்தச் சமன்பாடு வெறும் எழுத்து வரிசைதான். அதனால் எண்ணில் போனோம். இரண்டு பொருள்கள், அளவுகள் அ, ஆ. பயன்பாடு, அதாவது நுகர்வோருக்குக் கிடைக்கும் மனநிறைவு, அ × ஆ. முதல் பொருளின் விலை 2, இரண்டாவதன் விலை 5, வருமானம் 100. இந்தப் பயன்பாட்டுச் சார்பில் நுகர்வோர் வருமானத்தில் பாதியை ஒவ்வொரு பொருளுக்கும் செலவிடுவார். ஆகவே அ 25, ஆ 10, பயன்பாடு 250.

இப்போது முதல் பொருளின் விலை சற்றே ஏறட்டும். அவளையே எழுதச் சொன்னேன். 'நிற்பவை: வருமானம், மற்றொரு விலை' என்று எழுதி வகையிட்டாள். −12.5 வந்தது. அடுத்த பத்தியில் 'நிற்பவை: பயன்பாடு, மற்றொரு விலை' என்று எழுதினாள். அதாவது விலையேற்றத்தால் நுகர்வோர் பழைய நிலையிலிருந்து கீழே போகாதபடி வருமானத்தை ஈடுகட்டிக்கொண்டே போகிறோம். இதில் −6.25 வந்தது.

ஒரே பொருள், ஒரே விலை, விடையில் ஒன்று மற்றொன்றின் இரு மடங்கு. இரண்டும் சரி.

மிச்சம் −6.25 எங்கே போனது என்று தேடினோம். வருமானம் ஓர் அலகு கூடினால் அ கால் அலகு கூடும். விலை ஓர் அலகு ஏறினால் 25 அலகு வாங்குபவர் 25 இழந்த மாதிரி. 25 ஐக் காலால் பெருக்கினால் 6.25, குறைவதால் −6.25. பதிலீட்டு விளைவு −6.25, வருமான விளைவு −6.25, மொத்தம் −12.5. இதை ஸ்லட்ஸ்கி 1915இலேயே எழுதிவிட்டார். 1934இல் ஹிக்ஸும் ஆலனும் தனியாக அதே இடத்துக்கு வந்தார்கள். அவள் இரண்டு 'நிற்பவை' வரிகளுக்கும் வட்டம் போட்டு, அம்புக்குறியால் இணைத்து, அம்பின் மேல் 'வருமான விளைவு' என்று எழுதினாள். அந்த அம்பை அதற்கு முன் நான் யாருக்கும் வரைந்து காட்டியதில்லை. அதற்கப்புறம் எல்லோருக்கும் வரைகிறேன்.

அடுத்தது உச்சத்தைச் சோதிப்பது. இங்கே ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். பாடம் சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் அதைச் செய்தார். ஒவ்வொரு மாறிக்கும் இரண்டாம் வகைக்கெழு எதிர்க்குறியாக இருந்தால் அது உச்சம் என்று முடிவு கட்டுவது. ஒரு சார்பைச் சொல்கிறேன், தாளில் எழுதிப் பாருங்கள். இங்கே அ, ஆ என்பவை ஒரு நிறுவனம் விற்கும் இரண்டு பொருள்களின் அளவுகள். லாபம் = 10 − 2அ − 2ஆ − அ² − ஆ² + 3 × அ × ஆ. முதல் வகைக்கெழுக்கள் இரண்டும் சுழியமாவது அ 2, ஆ 2 என்ற இடத்தில். அங்கே லாபம் 6. இரண்டாம் வகைக்கெழுக்கள் இரண்டும் −2.

'ஆ'வை 2இல் நிறுத்தி 'அ'வை 3 ஆக்கினால் லாபம் 5. 1 ஆக்கினாலும் 5. 'அ'வை நிறுத்தி 'ஆ'வை நகர்த்தினாலும் இதே கதை. எந்தப் பக்கம் தனியாக நகர்ந்தாலும் கீழே இறங்குகிறோம். இப்போது இரண்டையும் சேர்த்து 3 ஆக்குங்கள். லாபம் 7. இரண்டையும் 1 ஆக்குங்கள். மறுபடி 7. அது உச்சம் இல்லை, குதிரைச் சேணம் போல ஒரு திசையில் இறங்கி மறு திசையில் ஏறும் சேணப் புள்ளி. ஒன்றின் விற்பனை மற்றொன்றை வலுவாகத் தூக்கும்போது, ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதிப்பவருக்கு இந்தப் பாதை கண்ணில் படாது. ஹெஸ்ஸியன் அணிக்கோவை (இரண்டாம் வகைக்கெழுக்களைச் சதுரமாக அடுக்கிக் கணக்கிடும் எண்) அதைத்தான் கேட்கிறது: −2 ஐ −2ஆல் பெருக்கினால் 4, கலப்பு வகைக்கெழு 3இன் வர்க்கம் 9, கழித்தால் −5. எதிர்க்குறி. அணிக்கோவையை விதியாக மட்டும் படித்த நாட்களில் அதன் குறிகளை நான் ஒவ்வொரு தேர்வுக்கும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இந்த 6, 5, 7 என்ற மூன்று எண்களை ஒருமுறை கையால் போட்டபிறகு வேண்டியிருக்கவில்லை.

கட்டுப்பாடு வந்தால் நிலைமை மாறும். மேலே பார்த்த அ × ஆ என்ற பயன்பாட்டுச் சார்பையே எடுங்கள். அதன் சாதாரண ஹெஸ்ஸியன் அணிக்கோவை −1. கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தால் சேண வடிவம். ஆனால் வருமானம் 100இல் நிற்க வேண்டும் என்றதும், நாம் நடக்கக்கூடிய பாதை ஒரே கோடு. அந்தக் கோட்டின் மேல் 25, 10 என்பது உண்மையான உச்சம். விலைகளை ஓரத்தில் சேர்த்த ஹெஸ்ஸியனின் அணிக்கோவை 20, நேர்க்குறி. இரண்டு மாறி, ஒரு கட்டுப்பாடு இருக்கும்போது உச்சத்துக்கு வேண்டிய குறி அதுதான். இரண்டு சோதனைகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நிற்பவை வரியில் கட்டுப்பாட்டையும் எழுதிவிடுங்கள்.

கட்டுப்பாட்டை லாம்டா என்ற பெருக்கியோடு சேர்த்து உச்சம் காணும் லெக்ராஞ்ச் முறையை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். மூன்று சமன்பாடு, மூன்று தெரியாதவை, லாம்டாவை நீக்கு, அ, ஆ கண்டுபிடி, முடிந்தது. லாம்டாவை நீக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் எனக்கு வருத்தம். நம் கணக்கில் லாம்டா 5. 'ஆ'வின் மதிப்பு 10 ஐ முதல் விலை 2ஆல் வகுத்தாலும் 5, 'அ'வின் மதிப்பு 25 ஐ இரண்டாம் விலை 5ஆல் வகுத்தாலும் 5. வருமானத்தை 101 ஆக்கி மறுபடி முழுக் கணக்கையும் போட்டால் அ 25.25, ஆ 10.1, பயன்பாடு 255.025. கூடியது 5.025. வருமானக் கட்டுப்பாடு ஓர் அலகு தளர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை லாம்டா முன்கூட்டியே சொல்லிவிட்டது. தேர்வில் லாம்டாவைக் கேட்காவிட்டாலும் கண்டுபிடித்து, பொருளை ஒரு வரியில் எழுதுங்கள்.

இதே எண்களில்தான் உறைத் தேற்றமும் இருக்கிறது: உச்சத்தில் இருக்கும்போது, தேர்ந்தெடுத்த அளவுகளை நிறுத்தினாலும் நகரவிட்டாலும் மாறும் வீதம் ஒன்றே. பல கோடுகளைத் தொட்டபடி செல்லும் கோடுதான் உறை. பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1931இல் செலவுக் கோடுகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் படம் வரைந்தவர் வாங் என்ற கணிதவியலாளர். நீண்டகாலச் சராசரிச் செலவுக் கோடு எந்தக் குறுகியகாலக் கோட்டுக்கும் மேலே போகக் கூடாது, அதோடு ஒவ்வொன்றின் தாழ்ந்த புள்ளியையும் தொட வேண்டும் என்று வைனர் கேட்டார். வாங் மறுத்தார். வைனர் ஏற்கவில்லை, வாங்கின் ஆட்சேபம் தமக்குப் புரியவில்லை என்று அடிக்குறிப்பில் எழுதியும் வைத்தார். வாங் சொன்னதே சரி. சாய்வாக இறங்கும் உறையை ஒரு குறுகியகாலக் கோடு தொடும் இடத்தில் இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். தாழ்ந்த புள்ளியில் சாய்வு சுழியமாயிற்றே. பின்னாளில் வைனரே தவறை ஒப்புக்கொண்டார். தேர்ந்த பொருளியலாளர் ஒருவரே இடறிய இடம் இது என்று தெரிந்தபோது, நானும் நிதானமாகப் படிக்கலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்தது.

நான் அந்த மாணவியிடம் கேட்டேன்: "வருமானம் 100லிருந்து 101 ஆகிறது. 'ஆ'வை 10லேயே நிறுத்தி, கூடுதல் ஓர் அலகு முழுவதையும் 'அ'வுக்குக் கொடுத்தால்?"

அவள் போட்டாள். அ 25.5 ஆகிறது. 25.5 ஐப் பத்தால் பெருக்கினால் 255.

"'அ'வை நிறுத்தி 'ஆ'வுக்குக் கொடுத்தால்?"

ஆ 10.2. 25 பெருக்கல் 10.2. "மறுபடி 255."

"இரண்டையும் விட்டுவிட்டு, நுகர்வோரே சிறந்த வழியில் பிரித்துக்கொண்டால்?"

"255.025." கொஞ்ச நேரம் மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "விரலை வைத்தாலும் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே அக்கா, அப்போ நிற்பவை வரியில் நான் என்ன எழுதுவது?"

"உச்சத்தில் நிற்கிறோமா என்று முதலில் எழுது" என்றேன்.

அவள் 25 க்குப் பதில் 20, 10 க்குப் பதில் 12 என்று உச்சம் இல்லாத ஓர் இடத்தை எடுத்தாள். செலவு அங்கேயும் 100தான். பயன்பாடு 240. கூடுதல் அலகை 'அ'வுக்குக் கொடுத்ததில் 246 வந்தது, 'ஆ'வுக்குக் கொடுத்ததில் 244. இந்த முறை இரண்டும் ஒன்றாக இல்லை. நான் எதுவும் சொல்லும் முன்பே 'உச்சம்: இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே நிற்பவை வரியைத் தொடங்கினாள்.